முட்டி டாக்டர்

அவர் யாருக்காகவும் எழுந்திருக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கூட்டம் நடக்கும் அறைக்குள் துறைத்தலைவர் வருவார். நாற்காலிகள் பின்னால் நகரும், முதுகுகள் நிமிரும், சேலைத் தலைப்புகள் சரியாகும். எங்கள் டாக்டரம்மா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததுபோல "வாங்க சார்" என்பார். யாராவது முகம் சுளித்தால் இடது முழங்காலை ஒருமுறை தடவிக்கொள்வார். முட்டி வலி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பார். அந்த முட்டிதான் பெங்களூர் தொம்மலூரில் எங்கள் அலுவலகத்தின் செங்குத்தான மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறும். நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸில் தாவி ஏறும். எங்களுக்குத் தெரியும். கீழே தையல்கடை வைத்திருந்த கன்னடக்கார அம்மாவுக்குத் தெரியும். அந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

திமிர் என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. "திமிர்தான். முட்டியில வர்ற திமிர். டாக்டர்கிட்ட காட்டினேன், இதுக்கு மருந்து இல்லைன்னுட்டாரு."

குட்டையான உருவம். காதோடு வெட்டிய நரைமுடி. கைத்தறிப் புடவைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. கையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்க், அதில் பால் விடாத காப்பி. மனநலத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். உடம்பு வலி என்று சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வை அவர் நடத்திக்கொண்டிருந்தார். தலை பாரம், நெஞ்செரிச்சல், கை மரத்துப்போகிறது, தூக்கமில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வலிக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நடப்பதற்கும் என்ன உறவு என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியைப் பெங்களூர்த் தமிழில் கேட்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். அப்போது என் வாழ்க்கையிலும் வேலை ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. வேலையைவிட அவசரமாக, காலை முதல் மாலை வரை வீட்டுக்கு வெளியே இருக்க ஓர் இடம்.

முதல் நாள் அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தையல்கடையின் ஷட்டர் தடாலென்று ஏறியது. நான் எழுந்து நின்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது. கால் தன்னால் எழுந்துவிட்டது, கை தன்னால் தலைப்பை இழுத்துவிட்டது.

"யாரு வந்தா?" என்று கேட்டார்.

யாரும் வரவில்லை என்றேன்.

"அப்புறம் யாருக்கு எழுந்த?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஷூ நுனியால் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. இந்த ஆபீஸ்ல ஒரே ஒரு ரூல்தான். யாரும் யாருக்கும் எழுந்திருக்க வேணாம். டீ கொண்டு வர்றவன் வந்தா மட்டும் கை கொடுத்து டிரேயை வாங்கிக்கோ."

அவ்வளவுதான். என்னைப் பற்றி அவர் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஷட்டர் ஏறியது. என் தொடை இறுகும், பிறகு தளரும். அந்த இறுக்கத்தையும் தளர்வையும் நான் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை.

நான் முதலில் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் பார்த்து அவர் காப்பி புரையேறச் சிரித்தார். "உங்கள் கணவரின் வன்முறைக்கு நீங்கள் ஆளானதுண்டா" என்று எழுதியிருந்தேன். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்றார். இப்படிக் கேட்டால் ஊரே இல்லை என்றுதான் சொல்லும். தள்ளினாரா, அறைந்தாரா, முடியைப் பிடித்தாரா, சாப்பாட்டுத் தட்டை எறிந்தாரா, கழுத்தில் கை வைத்தாரா, அம்மா வீட்டுக்குப் பேசக்கூடாது என்று போனைப் பிடுங்கினாரா, வேண்டாம் என்று சொன்ன பிறகும் படுக்கச் சொன்னாரா. ஒவ்வொன்றாகக் கேள் என்றார். கேட்டேன். வன்முறை எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாதும்மா என்று சொன்ன அதே வாய், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டே போனது. அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று முடித்தது. எல்லா வீட்டிலும். ஒரு நகரத்தின் கூரைகளையெல்லாம் ஒரே போர்வையாக இழுத்து மூடிவிடும் சொல் அது.

வீடுகளுக்கு நாங்கள் இருவராகத்தான் போவோம். ஒருவர் அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். மற்றவர் வீட்டில் உள்ள மற்றவர்களை வாசலிலேயே பிடித்துவைப்பார். உள்ளே என்ன பேசுகிறோம் என்பது கணவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவளுக்கு அடி விழும். ஆகவே அந்தப் பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்போம். விருப்பமில்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். மற்ற எல்லோருக்கும் இது முட்டி வலி ஆய்வு.

ஏன் முட்டி என்று ஒருநாள் கேட்டேன்.

"தலைவலின்னு சொன்னா ஆம்பளைக்குச் சலிப்பு வந்துரும். மாதவிலக்குன்னு சொன்னா வெளிய போயிருவான், ஆனா ஜன்னலுக்குப் பக்கத்துல நின்னு கேப்பான். முட்டின்னு சொல்லிப் பாரு. அப்படியே உக்காந்துருவான். அவனுக்கும் இருக்குல்ல."

உண்மை. ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். மாமியார்கள் உட்கார்ந்தார்கள். லுங்கியை மடித்து, பேண்ட்டைச் சுருட்டி முட்டிகளை நீட்டினார்கள். அவர் இதற்காகவே தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய் முறையாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். சொல்வது பொய்யானாலும் செய்கிற வைத்தியம் பொய்யாக இருக்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. காலை நீட்டு, தொடையை இறுக்கு, விடு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுகிற கால் முதலில். சிலருக்கு நிஜமாகவே குணமானது. சந்துக்குள் நுழைந்தாலே முட்டி டாக்டர் வந்தாச்சு என்று குரல் வரும். அந்தக் குரல் மேல்மாடிக்குக் கேட்கும். அங்கே ஒரு பெண் துவைத்த துணியை உதறுவதை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பாள்.

செல்வி அப்படிக் காத்திருந்தவள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பெண்கள் பிஜி ஹாஸ்டலில் சமையல் வேலை. வயிற்றில் எரிச்சல், வருடக் கணக்கில். எண்டோஸ்கோபிவரை பார்த்தாகிவிட்டது. மாடியில் காயும் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து என்னிடம் பேசினாள். பேசும்போது அவள் கண் படிக்கட்டிலேயே இருந்தது. எரிச்சல் எப்போது அதிகம் என்று கேட்டேன். சாப்பிட்ட பிறகா, முன்னாலா. அவள் யோசித்துவிட்டு, கார் வந்து தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்போது என்றாள்.

அவள் கணவன் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆள் ஏற்றும் கம்பெனி கேப் ஓட்டுபவன். வண்டிகள் நகராத சில்க் போர்டு சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. வலி நிஜம். எங்கள் டாக்டரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அம்மா, இவ்வளவு நாளாக எங்கே இருந்தீர்கள் என்றான். இனிமையான பேச்சு. எங்களுக்கு முறுக்கு வாங்கிவந்து வைத்தான். கீழே அவன் முட்டியை அவர் இரண்டு கையாலும் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, மேலே அதே கால் செல்வியின் விலாவில் என்ன செய்தது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில், எப்படி அந்தக் காலைத் தொடுகிறீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ரயில் சுரங்கத்துக்குள் போனது.

"அந்தக் கால் என் கையில இருக்கிற வரைக்கும் அது யாரையும் உதைக்காதில்ல."

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பயணத்திலா, வேறொன்றிலா, ஞாபகமில்லை. ஒருமுறை தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். கன்டோன்மென்ட் பக்கம், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. அப்பா மரியாதைப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவர். அவருடைய ஸ்கூட்டர் கேட்டுக்கு வந்தால் வீட்டில் உள்ள பெண்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். பிசைந்த சோறு விரலிடுக்கில் காயும்.

அப்பா அடிப்பாரா என்று நான் கேட்டேன். கேட்டுக் கேட்டு அது என் வேலையாகிவிட்டிருந்தது.

"அடிச்சாரான்னு கேட்டா எங்க வீட்ல எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவோம். எழுந்திருச்சோம். அவ்வளவுதான். எங்கம்மா படுத்திருந்தாலும் உள்ளுக்குள்ள நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க. அப்படி நின்னுக்கிட்டே இருக்கிற உடம்புக்கு எப்படித் தூக்கம் வரும், எப்படிச் சோறு செரிக்கும், சொல்லு."

பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இந்த ஒரு கேள்விதான். அச்சம் உடம்பில் எங்கெங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு அதில் எத்தனையோ அட்டவணைகள். எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை. சோற்றுக் கை போதுமாக இருந்தது.

கோயிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்களே, அப்போது என்ன செய்வீர்கள் என்று சீண்டினேன். ஆண்டவருக்கு எழுந்திருப்பேன், அதுவும் பாட்டு நன்றாக இருந்தால் என்றார்.

ஆய்வை மேற்பார்வை செய்யும் குழு எப்போதாவது கூடும். அதில் பெரிய பேராசிரியர் ஒருவர். நல்ல மனிதர்தான், பேச்சில் தேன். அன்றும் அவர் உள்ளே வந்தபோது எங்கள் டாக்டர் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் அதைப் பார்த்தும் பாராதவர்போல உட்கார்ந்து, கேள்விகளைப் புரட்டி, முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது என்றார். இவ்வளவு நடந்தும் இந்தப் பெண்கள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அதையல்லவா முதலில் கேட்க வேண்டும்.

மேசையைச் சுற்றி ஆமோதிப்பாகத் தலைகள் ஆடின.

"நல்ல கேள்வி சார்" என்றார் எங்கள் டாக்டர். "சேத்துடலாம். ஆனா ஆளை மாத்திக் கேக்கணும். அடிக்கிறவன்கிட்ட போய், இவ்வளவு பிடிக்காத வீட்டை விட்டு நீ ஏம்ப்பா இன்னும் போகலைன்னு கேக்கணும். யார் போய்க் கேக்கிறது? நீங்க வர்றீங்களா, அட்ரஸ் தரவா?"

அந்தக் கேள்வி சேர்க்கப்படவில்லை. அடுத்த வருடத்துக்கான பணமும் கொஞ்சம் குறைந்துதான் வந்தது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது அறையைப் பழைய பெட்டிகள் போட்டு வைக்கும் இடமாக மாற்றினார். அதன் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. சரிசெய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்று நாள் போனது. அந்தத் தாழ்ப்பாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் விளைந்த பிழை. செல்வியுடன் நான் கூடுதல் நேரம் பேச வேண்டியிருந்த ஒருநாள். வீட்டை விட்டுப் போவது பற்றி அவளே முதல்முறையாகக் கேட்டிருந்தாள். யார் துணை, எங்கே தங்குவது, வேலை என்னாகும். ஆனால் கணவனுக்கு அன்று மாலைவரை டியூட்டி இல்லை, வீட்டிலேயே இருந்தான். டாக்டர் வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. தம்பி, மழையில் என் முட்டி ஒத்துழைக்காது, தொம்மலூர்வரை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். அவன் பெருமையோடு கார்க் கதவைத் திறந்துவிட்டான். மழையில் பெங்களூர் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். போகவும் வரவும் அவனுக்கு அந்தப் பகலே போயிற்று. வழியெல்லாம் அவர் அவனுக்குக் கிளட்ச் மிதிக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டே போனாராம். மறுநாள் அலுவலகத்தில் அதை நடித்துக்காட்டினார். தையல்கடை அம்மாகூட மேலே வந்து கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். எப்பேர்ப்பட்ட மூளை என்று நாங்கள் மெச்சினோம்.

அவனுக்கு எங்கள் வாசலைக் காட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

செல்வி வந்தாள். மதிய நேரம். கையில் ஒரு துணிப்பை, அதில் சமையலறைக் கரண்டி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் எது கைக்கு வந்ததோ அதை எடுத்துப் போட்டிருந்தாள். கழுத்தில் விரல் அடையாளம். இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். டாக்டர் அவளை உள்ளறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பெண்கள் தங்கும் இடம் ஒன்றை நடத்தும் வக்கீலுக்குப் போன் செய்தார். அவர் ஒரு பெண் போலீஸையும் அழைத்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டதாகவும், டிராஃபிக்கில் நிற்பதாகவும் சொன்னார். எங்கள் டாக்டர் உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அந்தக் கதவில் முதுகு படும்படி போட்டு உட்கார்ந்தார். காப்பியை ஊற்றிக்கொண்டார்.

படியில் காலடி கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

அவன் உள்ளே வந்தபோது நான் எழுந்துவிட்டேன். இவ்வளவு நாள் பழகியதெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. கால் எழுந்தது, கை தலைப்பைத் தேடியது. டாக்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

அவன் மரியாதையாகத்தான் தொடங்கினான். செருப்பைக்கூட வெளியே விட்டிருந்தான். "டாக்டரம்மா, செல்வி இந்தப் பக்கம் வந்தாளா? சும்மா சின்னச் சண்டை. போனை எடுக்கமாட்டேங்கிறா."

"முட்டி எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார் அவர்.

பழக்கம் எவ்வளவு பெரியது என்று அன்று பார்த்தேன். அவன் வாய் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டு நாளாகப் பரவாயில்லைம்மா, ராத்திரியில்தான் கொஞ்சம், என்று சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அழுத்தினான்.

கதவுக்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு உற்சாகமாக ஒலித்தது. உடனே அடங்கியது.

அவன் முகத்திலிருந்து அந்த முறுக்கு வாங்கிவந்த மனிதன் இறங்கிப்போனான். மேசையை எட்டி உதைத்தான். பிளாஸ்க் விழுந்து உருண்டது, கறுப்புக் காப்பி தரையில் ஓடி அவர் ஷூவை நனைத்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏய், எழுந்திரு."

"முடியாது தம்பி. எனக்கு முட்டி வலி."

அந்தப் பொய்யை எத்தனை அறைகளில் எத்தனை பெரிய மனிதர்களிடம் சொல்லியிருப்பார். எனக்கு அது அவருடைய விளையாட்டாகவே தெரிந்திருந்தது. அன்றுதான் புரிந்தது, இந்த நாற்காலிக்காகத்தான் அவர் ஆயுள் முழுக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்.

என்ன ஆராய்ச்சி, என்ன முட்டி, எல்லாம் என் பெண்டாட்டியைக் கெடுக்கத்தானா என்று அவன் கத்தினான். இழுத்துப் போட்டுவிடுவேன் என்றான். கை ஓங்கியிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளதான் இருக்கா. இல்லைன்னு சொல்லமாட்டேன். நானாத்தான் உனக்கு இந்த வழியைக் காட்டினேன், அதனால நானாத்தான் இங்க உக்காந்திருக்கேன். என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் நீ உள்ள போகணும். தூக்கு. என்ன எடை இருக்கேன்னு எனக்கும் தெரியணும்."

கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஓசை நின்றுபோனால்தான் அது இருந்ததே தெரியும். படியில் மறுபடி காலடிகள், இந்த முறை நிறைய. தையல்கடை அம்மா கழுத்தில் தொங்கும் டேப்போடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் கடைப் பெண்கள். ஒருத்தி கையில் பாதி தைத்த ஜாக்கெட்.

"ஏனாய்த்து மேடம்?" என்று கேட்டார் அந்த அம்மா. என்ன ஆயிற்று என்று.

"ஏனூ இல்லா" என்றார் எங்கள் டாக்டர், விருந்துக்கு வந்தவர்களை வரவேற்கும் குரலில். ஒன்றுமில்லை. "கூத்கொள்ளி." உட்காருங்கள்.

அந்த அம்மா அவனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. காப்பி ஓடிய இடத்தைத் தாண்டி இன்னொருத்தி. நாற்காலியைச் சுற்றி, சுவரோடு, மேசைக்கு அடியில்கூட. ஜாக்கெட்டோடு வந்தவள் உட்கார்ந்து, ஊசியை எடுத்து, கொக்கி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் உள்ளே நுழைந்தால் பெண்கள் எழுந்து நிற்கிற அறைகளில்தான் அவன் பழகியிருந்தான். உட்கார்ந்திருக்கிறவர்களை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரையும் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குடும்பம் நடத்தத் தெரியாதவர்கள் என்றான். இன்னும் ஏதேதோ சொன்னான். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஊசி ஜாக்கெட்டுக்குள் போய்ப் போய் வந்தது. கடைசியில் திரும்பிப் படியை நோக்கி நடந்தான்.

"தம்பி" என்றார் அவர்.

அவன் நின்றான்.

"இறங்கும்போது நோவுற கால் முதல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம், அந்த இழுத்து வைக்கும் கால்தான் முதல் படியில் இறங்கியது.

அவன் போன பிறகும் ஒருவரும் அசையவில்லை. உள்ளேயிருந்து கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. டாக்டரம்மா, கதவைத் திறங்க என்றாள் செல்வி. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு முட்டியும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார், அவனுடைய முட்டியைப் பிடித்த அதே மாதிரி.

"பாரேன்" என்றார் என்னிடம், பல் கிட்டிக்கொள்ள, சிரித்துக்கொண்டே. "பொய் சொல்லிச் சொல்லி நிஜமாவே வந்துருச்சு."

அவரை நாற்காலியோடு சேர்த்துத்தான் நாங்கள் நகர்த்தினோம். செல்வி வெளியே வந்து இத்தனை பெண்களையும் பார்த்துத் திகைத்து நின்றாள். தையல்கடை அம்மா தன் பக்கத்தில் தரையைத் தட்டிக்காட்டினார். அவளும் உட்கார்ந்தாள். வக்கீல் வண்டி வந்து சேர்கிறவரை நாங்கள் அப்படியே இருந்தோம். யாருக்கும் எழுந்திருக்கும் அவசரமில்லை.

செல்வி இப்போது வேறு பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள். வழக்கு நடக்கிறது, மெதுவாக. வயிற்றெரிச்சல் முழுதாகப் போகவில்லை. தெருமுனையில் கார் திரும்பினால் இன்னும் சுருக்கென்கிறது, ஆனால் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன் என்றாள். ஆய்வு முடிந்தது. எங்கள் டாக்டர் வேறு ஊருக்குப் போனார், பிறகு வேறு நாட்டுக்கு என்றார்கள். தொடர்பு விட்டுப்போயிற்று. எங்கே இருந்தாலும் யாரோ ஒரு பெரிய மனிதர் உள்ளே வரும்போது முட்டியைத் தடவிக்கொண்டிருப்பார்.

நானும் ஒரு வீட்டை விட்டு வந்தவள்தான். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் கதவு தடதடவென்று தட்டப்பட்டால் தொடை இன்னமும் இறுகத்தான் செய்கிறது. இத்தனை வயதில் அதைச் சொல்லிக் குற்றமில்லை. உக்காரு என்கிறேன் அதனிடம். யாரென்று இங்கிருந்தே கேட்கலாம். பிறகு எழுந்திருக்கலாம். எழுந்திருக்காமலும் இருக்கலாம்.